நோய்ப்படுக்கையைச் சுற்றி: ஒரு மறுவாசிப்பு

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைக் குருபக்தியின் கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942-இல் அவர் மறைவோடு முற்றுப்பெறாமல் நின்ற பிரதி அது. அதில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நோயுற்று, 1876 பிப்ரவரி 1-இல் திருவாவடுதுறையில் இறக்கும் பகுதியை ஒரு குடும்பத்துத் தகப்பன் படுத்துவிட்ட கதையாக வாசித்துப் பார்க்கிறேன்.

பிள்ளைக்கு அறுபது வயது. மனைவி காவேரியாச்சி, மகன் சிதம்பரம் பிள்ளை. பாட்டுக்குப் பஞ்சமில்லாத வீடு, கடனுக்கும்தான். ஆனால் கதை சொல்பவர் மாணவர், இருபது வயது இளைஞர். ஆகவே பிரதியின் நடுவில் மாணவர்களே நிற்கிறார்கள். கடைசி நேரத்தில் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்தவர் சாமிநாதையர். ஆசிரியரின் உடலைத் தாங்கிக்கொண்டவர் சவேரிநாத பிள்ளை. முன்னவர் பிராமணர், பின்னவர் கிறிஸ்தவர். சைவ ஆதீன வித்துவானின் படுக்கையருகே ஆசாரம் போட்ட கோடுகள் தளர்ந்துவிடுகின்றன. இதை ஐயர் மறைக்காமல் எழுதியது பெரிய விஷயம்.

என்றாலும் ஒரு வேலைப்பிரிவினை இங்கே இருக்கிறது. பாட்டு ஒருவரிடம், உடம்பு இன்னொருவரிடம். சரி, அப்போ கஞ்சி காய்ச்சினது யாரு? துணி துவைச்சது யாரு? ராத்திரி கண் முழிச்சது யாரு? இந்த உழைப்பு சரித்திரமாகத் தகுதி பெறுவதில்லை.

சுயசரிதையில் தன் துக்கத்தைத்தானே எழுத முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 1933-34-இல் இரண்டு பாகங்களாக வந்த பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதியவர் அதே மாணவர்தான். ஆசிரியரைத் தகப்பனாக்கும் இந்தக் கதையாடலில் தமிழ் மாணவருக்குச் சொத்தாகிறது. வீட்டாருக்கு மிஞ்சுவது கடன்.

கோடியக்கரைப் பக்கம் கடைமடைக்காரர்களுக்கு இது புரியும். தண்ணீர் மேலே பாய்ந்து முடித்த பிறகுதான் இங்கே வரும், வராமலும் போகும். வாழ்க்கை வரலாறுகளிலும் வீட்டுப் பெண்கள் கடைமடையில்தான் இருக்கிறார்கள். ஐயரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர் எழுதாவிட்டால் இந்தப் படுக்கையே நமக்குத் தெரிந்திருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்ப் புலமையைப் பற்றி இனி எழுதுகிறவர்கள், ஏடுகள் யாரிடம் போயின என்று கேட்பதோடு, அந்த வீட்டில் அடுத்த நாள் அடுப்பு எப்படி எரிந்தது என்றும் கேட்க வேண்டும்.