தோள்வாரில் ஒரு கண்

காரைக்காலை அடுத்த நெரவிப் பக்கம் மலை கிடையாது, நெடுநடை உண்டு. ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் மாதா திருவிழாக் கொடி ஏறும். அதையொட்டிக் காவி உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் காரைக்கால் தாண்டி, திருமலைராயன்பட்டினம், நாகூர் என்று தெற்கே போவார்கள். முதுகுப்பையின் தோள்வாரில் ஆக்‌ஷன் கேமரா மாட்டி நடக்க இதைவிடப் பொருத்தமான பாதை எனக்குத் தெரியாது.

இந்த வகைக் கேமராக்களுக்குப் பேர்போன கோப்ரோவின் நிறுவனர் நிக் வுட்மன் 2004-இல் விற்ற முதல் கோப்ரோ, அலைச்சறுக்குக்காரர்கள் மணிக்கட்டில் கட்டிய 35 மி.மீ. ஃபிலிம் கேமரா. மணிக்கட்டிலிருந்து கேமரா தோளுக்கு ஏறியதில் எனக்குப் பெரிய சந்தோஷம். தலையில் கட்டினால், நாம் திரும்பும்போதெல்லாம் படமும் திரும்பும். தோள்வாரிலோ உடம்பு போகும் திசைதான் படம். இரு கையும் சும்மா இருக்கும்.

கேமராவைப் பிடிக்கும் கிளிப்பைக் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே மாட்ட வேண்டும். நெஞ்சுக் கொக்கியைப் போட்டு வாரை இறுக்குவதுதான் பாதி வித்தை. இல்லாவிட்டால் அடிக்கு அடி ஆடும். பை கனத்தால் உடம்பு முன்சாயும், படத்தில் தார்ரோடு மட்டுமே விழும். அதனால் கேமராவைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்ப வேண்டும். மிச்சக் குலுக்கலை ஜைரோஸ்கோப் உணர்ந்து சொல்ல, கேமரா ஓரங்களை வெட்டிச் சமன் செய்யும். கடற்காற்று இரையாதிருக்க மைக்கின் மேல் ஸ்பாஞ்சு. உப்பு படியும் லென்ஸுக்கு மெல்லிய துணி.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த நெஞ்சளவு உயரம். வழியில் மோர் நீட்டும் கை, குவளை, வாங்கும் நம் விரல்கள் எல்லாம் நேராகப் படத்துக்குள் வரும். கொடுப்பவர் முகமும் வரும் என்பதால், கேமரா ஓடுகிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.