அழிந்ததா, ஒளிந்ததா?

பழைய கேமராவை விற்கப் போகிறீர்கள். உள்ளே இருக்கும் மெமரி கார்டை ‘ஃபார்மட்’ செய்தாயிற்று. ‘எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?’ என்று திரை கேட்டது. சம்மதித்தீர்கள். திரை சொன்னது பொய், சார்!

நான் பி.காம். ஆசாமி. லெட்ஜர் பாஷையில் சொல்கிறேனே... எந்தக் கணக்கு எந்தப் பக்கம் என்று முன்னால் ஒரு இண்டெக்ஸ் இருக்குமில்லையா? சாதாரண ஃபார்மட் பெரும்பாலும் அதை மட்டும்தான் கிழிக்கிறது. உள்ளே வரவு செலவு அப்படியே இருக்கும்!

தோஷிபாவில் ஃபியூஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த ஃப்ளாஷ் மெமரியின் குணம் அது. காப்பிட்ட குட்டிக் குட்டி அறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்துவிட்டால், கரண்ட் இல்லாமலே வருஷக்கணக்கில் கிடக்கும்.

2018-ல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் பல்கலைக்கழகத்தினர் 100 பழைய கார்டுகளை வாங்கி நோண்டினார்கள். முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 25தான். 36 கார்டுகளைத் துடைக்க யாரும் முயற்சிக்கவே இல்லை. 29 கார்டுகள் ஃபார்மட் ஆகியிருந்தும் விஷயங்கள் மீண்டு வந்தன. பாஸ்போர்ட் நகல், அந்தரங்கப் படம் எல்லாம் கிடைத்ததாம்.

அந்த 36 சோம்பேறித்தனம், விடுங்கள். 29-ஐ நினைத்தால்தான் எரிகிறது. சொன்னபடி பட்டனை அமுக்கியவர்கள் அவர்கள்! கார்டுகளுக்குத் தரம் வகுக்கும் எஸ்.டி. அசோசியேஷனே, மேலெழுதி அழிக்கும் ‘ஓவர்ரைட்’ வசதியோடு ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. அதற்குக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். ‘இண்டெக்ஸை மட்டும் கிழித்திருக்கிறேன்’ என்று திரையில் ஒரு வரி போட என்ன செலவு?

ஒன்றைப் பலர் உபயோகித்தால் குப்பை குறையும், வாஸ்தவம். ஆனாலும் என் மேஜை டிராயரில் ஆறு கார்டுகள் தூங்குகின்றன. கொடுக்கத்தான் கை வரவில்லை.