பிஸ்மத் வில்லையை எவ்வளவு நம்பலாம்?

மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் புதிய மீக்கடத்தியைத் தேடும் ஆய்வகங்களில் பெரும்பாலும் ஒரே வழக்கம்தான். பொடிகளை எடைபோட்டுக் கல்வத்தில் அரைத்து, வில்லையாக அழுத்தி, காற்றை வெளியேற்றிய குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, உலையில் சுடுகிறார்கள். அந்த வில்லையில் நான்கு கம்பிகளைப் பொருத்திக் குளிர்வித்து, மின்தடை சரியும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்கிறார்கள். 2012இல் தோக்கியோ பெருநகரப் பல்கலைக்கழகத்தின் மிசுகுச்சி குழு, பிஸ்மத்தும் கந்தகமும் அடுக்கடுக்காக அமைந்த சேர்மத்தில் மீக்கடத்துத்திறனைக் கண்டது இப்படித்தான். அந்த ஆண்டே புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் அதே சேர்மத்தைத் தயாரித்து முடிவுகளை வெளியிட்டது. இந்த வேகமும் சிக்கனமும் சாதாரணமானவை அல்ல. உலையும் அழுத்துகருவியும் இருந்தால் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியிலேயே மாதிரியைச் செய்துவிடலாம். கடுங்குளிர் அளவீட்டுக்கு மட்டும் பெரிய நிறுவனத்தை நாடினால் போதும். ஆனால் தேடுவதற்கு உகந்த வில்லை, தீர்ப்புச் சொல்லத் தனியாகப் போதாது என்பதே என் வாதம்.

வில்லையின் பெருமைக்கு 1988ஐப் பார்க்கலாம். ஜப்பானின் ஹிரோஷி மயேதா, பிஸ்மத்தும் தாமிரமும் கொண்ட ஆக்சைடு வில்லையில் 105 கெல்வினை ஒட்டி மின்தடை சரிவதைக் கண்டார். அது தூய பொருளல்ல, கலவை. தூய்மை வரட்டும் என்று காத்திருந்தால் அந்தத் தடயமே கிடைத்திருக்காது. ஆனால் உள்ளே மீக்கடத்துவது எது என்று சொன்னது படிகம். சென்னையில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற மாஸ் சுப்பிரமணியன், டுபாண்ட் நிறுவனத்தில் சக ஆய்வாளர்களோடு அதே ஆண்டில் ஒற்றைப் படிகத்தை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, பிஸ்மத் அடுக்குகளுக்கு இடையே தாமிர-ஆக்சிஜன் தளங்கள் இரண்டிரண்டாக அமைந்திருப்பதைக் காட்டினார். சுமார் 110 கெல்வினில் மீக்கடத்துவது மூன்று தளங்கள் கொண்ட அதன் உறவுச் சேர்மம் என்பதும் தெளிந்தது. இன்று ஜெனீவாவின் செர்ன் முடுக்கியில் காந்தங்களுக்கு மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் இணைப்புகளில் அந்தச் சேர்மம் இருக்கிறது.

கந்தகச் சேர்மங்களில், அமைப்பை ஆராயும் அந்த இரண்டாம் படிக்கு முன்பே எண்கள் பரவிவிட்டன. பிஸ்மத், ஆக்சிஜன், கந்தகம் 4:4:3 விகிதத்தில் சேர்ந்த முதல் வில்லையில் மின்தடை 8.6 கெல்வினில் சரியத் தொடங்கியது. சுழியத்தைத் தொட்டது 4.5 கெல்வினில். ஒரே வில்லை, கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம். மேலும், மின்னோட்டத்துக்கு அறுபடாத ஒரே ஒரு பாதை கிடைத்தாலே மின்தடை சுழியமாகிவிடும். மீதிப் பொருள் வெறும் மணலைப் போலச் சும்மா கிடக்கலாம். 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இந்தச் சேர்மத்தின் அடுக்குகளைப் பிரித்து ஆராய்ந்தார்கள். மீக்கடத்துவது 3:2:3 விகித அமைப்பு. 2:1:2 அமைப்பு மீக்கடத்தவில்லை, அதன் அடுக்குகள் ஊடே கலந்தால் மீக்கடத்தலும் நலிகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக உயர் அழுத்த ஆய்வு மையம் தில்லிக் குழுவோடு சேர்ந்து செய்த சோதனையில், 4:4:3 சேர்மத்தின் மாறுநிலை வெப்பநிலை, அதாவது மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை, அழுத்தத்தில் 4.8 கெல்வினிலிருந்து 4.3ஆக இறங்கியது. இதே குடும்பத்தில் நியோடிமியம் சேர்ந்த சேர்மத்திலோ 4.6லிருந்து 5 வரை ஏறிப் பிறகு இறங்கியது. இறங்குமுகத்தையும் மறைக்காமல் சொன்னது பாராட்டத்தக்கது. ஆனால் அழுத்தம் அணுக்களை மட்டும் நெருக்குவதில்லை, வில்லையின் துகள்களையும் நெருக்குகிறது. லாந்தனம் சேர்ந்த சேர்மத்தில் அழுத்தம் படிக அமைப்பையே மாற்றிவிடுவது எக்ஸ்-கதிர் ஆய்வில் தெரியவந்தது. அமைப்பைப் பார்க்காமல் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் சொல்ல முடியாது.

படிகம் வளர்க்க நம்மிடம் வசதி ஏது என்பார்கள். இந்தக் குடும்பத்துக்கு அந்த வாதம் செல்லாது. சீசியம், பொட்டாசியம் குளோரைடு உப்புகளோடு பொடியைக் குழாயில் அடைத்து உருக்கி, மிக மெதுவாக ஆறவிட்டு, உப்பைத் தண்ணீரில் கரைத்தால் தகடு போன்ற சிறு படிகங்கள் தங்குகின்றன. 2013 முதல் ஜப்பானில் இப்படி வளர்க்கிறார்கள். அதே உலை, அதே குழாய். கூடுதலாக வேண்டியது பொறுமை. படிகத்திலும் குறை உண்டு என்ற மறுப்பு இதைவிட வலுவானது. சேர்மத்தின் பண்பை மாற்ற நாம் சேர்த்த ஃபுளூரின் அளவும் படிகத்தில் புகுந்த அளவும் ஒத்துப்போவதில்லை, தனியே அளந்துதான் தெரிய வேண்டும். எனவே வில்லையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மாதிரியின் எவ்வளவு பங்கு மீக்கடத்திக்கே உரிய விதத்தில் காந்தப்புலத்தை விலக்குகிறது, உண்மையான விகிதம் என்ன என்ற இரண்டையும் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் இதழ்களும் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

பத்துப் பதினோரு கெல்வினைத் தாண்டாத பொருளுக்கு இத்தனை கெடுபிடி எதற்கு என்றும் கேட்கலாம். இதன் மதிப்பு கேபிளில் இல்லை, காரணத்தில் இருக்கிறது. அணுக்களின் அதிர்வுதான் எலக்ட்ரான்களை இணைசேர்க்கிறது என்றால், அணுவின் எடை மாறும்போது மாறுநிலை வெப்பநிலையும் மாற வேண்டும். 2018இல் மிசுகுச்சி குழு, இதே குடும்பச் சேர்மத்தில் செலினியம் 76, செலினியம் 80 என இரு ஐசோடோப்புகளைத் தனித்தனியே சேர்த்து ஒப்பிட்டது. வெப்பநிலையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. வழக்கமான விளக்கத்தையே கேள்விக்குள்ளாக்கிய அந்த முடிவு வில்லைகளிலிருந்துதான் கிடைத்தது. ஆனால் அவை பல மாதிரிகளாகச் செய்து, மின்தடையோடு காந்தப் பண்பையும் அளந்து சரிபார்த்த வில்லைகள்.