ஆலாலசுந்தரர் பிறவியும் திருவாரூர் வாழ்வும்

இறப்பில்லாத உலகத்து வாழ்வான் ஒருவன் இறப்புடைய மக்கள் வாழ்வை எய்தி இன்பதுன்பங்களை நுகர்ந்தான் எனும் செய்தி பல நாட்டுப் பழங்கதைகளிலும் காணப்படும். தமிழகத்தில் அச்செய்தி கதையளவில் நில்லாது சமயநூற் பொருளாய் விளங்குவது சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாற்றிலாம். இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தே (கி.பி. 1133–1150) சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணம், திருக்கயிலையில் அணுக்கத் தொண்டராயிருந்த ஆலாலசுந்தரரே நம்பியாரூரராய்த் திருநாவலூரில் அவதரித்தனர் என்று கூறும். இதன்மேல் எழுகின்ற தடை ஒன்றுண்டு. அஃது ஆராய்தற்பாலது.

வீடு பெற்றார் மீண்டு பிறவார் என்பது சித்தாந்தத் துணிபு. திருக்கயிலையில் இறைவனை அணுகியிருந்தார் ஒருவர் மலர் கொய்யும்பொழுது கமலினி, அநிந்திதை எனும் மங்கையர்பால் மனம் வைத்தலும், அதனாற் பிறவி எய்தலும் யாங்ஙனம் பொருந்தும்? இத்தடைக்கு ஒருசாரார், அஃது உண்மைப் பிறவியன்று, உலகை உய்விக்க நடித்த நாடகமே என்பர். மற்றொரு சாரார், வினை வயத்தாற் போந்த வீழ்ச்சியே என்பர். இவ்விரண்டும் நூற்கருத்தொடு முழுதும் ஒவ்வா.

நாடகம் என்பார் கூற்றை முதற்கண் நோக்குக. திருவொற்றியூரில் மகிழின்கீழ்ச் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைப் பிழைத்து, ஆரூரை நினைந்து எல்லை கடந்த அளவிலே சுவாமிகள் இரு கண்ணொளியும் இழந்தனர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றனர்; காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றைக் கண்ணும் பெற்றனர். இடைவழியில் அவர் பாடிய பதிகங்களில் இரங்கலும், வெகுளியும், தோழரைக் கடிந்துகொள்ளும் உரிமையும் உள்ளன. இவை யெல்லாம் நடிப்பெனின், அப்பதிகங்களை ஓதி உருகுவார் பொய்யை ஓதி உருகுவாராவர். அது பொருந்தாதாகலின், துன்பம் உண்மைத் துன்பமே என்க.

வீழ்ச்சி என்பார் கூற்றும் நில்லாது. சேக்கிழார் வரலாற்றைத் தொடங்குமிடத்தை உற்று நோக்குக. சுவாமிகளது பிறப்பு முதற்கண் சொல்லப்படவில்லை. அவர் கயிலைக்கு மீளுங்கால் தோன்றிய பேரொளியைக் கண்டு உபமன்னிய முனிவர் தொழுததும், உடனிருந்த முனிவர் வினவ அவர் விடைகூறியதுமே முதற்கண் அமைந்தன. மீட்சி முன்னும் பிறவி பின்னுமாக வைத்தமையின், கற்பார் இப்பிறவியை முடிவறியாத வீழ்ச்சியாகக் கருதுதற்கு இடமில்லை. தென்றிசை வாழ்தலும் திருத்தொண்டத்தொகை தோன்றலும் இப்பிறவியின் பயன் என ஆசிரியர் அவ்விடத்தே குறிப்பிக்கின்றார்.

அற்றேல் தடைக்கு விடை யாது? சித்தாந்தம் முத்தியைப் பதமுத்தி, பரமுத்தி என வகுக்கும். சாலோக, சாமீப, சாரூபங்கள் பதமுத்தியாம். அவற்றில் மலவாசனை முற்றும் அற்றிலது. மீளாநிலை சாயுச்சியமாகிய பரமுத்தி ஒன்றே. ஆலாலசுந்தரர் கயிலையில் நின்ற நிலை அணுக்கநிலையாகலின், வாசனை தாக்குதற்கு இடனுண்டு, துணிபிற்கு இழுக்கில்லை. மெய்கண்ட சாத்திரங்கள் சேக்கிழார்க்குப் பிற்பட்டனவேனும், இவ்வரலாறு அவற்றொடு முரணாமை இதனாற் பெறப்படும்.

மேலும், பதி பசு பாசம் மூன்றும் அநாதி எனக் கொள்ளும் இந்நெறியில் எல்லா உயிரும் அழிவில்லனவே. இறப்பு உடற்கன்றி உயிர்க்கில்லை. ஆதலின் இறவாப்பொருள் இறக்கும் உடலிற் புகுந்து துய்த்தல் ஆலாலசுந்தரர் ஒருவர்க்கே உரியதன்று. அது மன்னுயிர் அனைத்திற்கும் பொது. அவர்க்குச் சிறப்பாயது, மானுட வாழ்வில் மயங்குங்கால் வந்து தடுத்தாட்கொள்ள வேண்டும் என்று புறப்படுமுன் வேண்டிக்கொண்டமையே. புத்தூர்த் திருமணத்தில் முதிய வேதியராய் ஓலை காட்டி வழக்கிட்டது அவ்வேண்டுகோளை நிறைவேற்றியதாம். கண்ணை மறைத்ததும் அத்தடுத்தலின் பாற்பட்ட மறக்கருணையே.

இனித் திருவாரூரின் சிறப்பைக் காண்க. பரவையார் இல்லத்தில் நெல்லும் பொன்னும் வேண்டியிருந்தன, ஊடலும் நிகழ்ந்தது. குண்டையூர் நெல் பூதங்களால் ஆரூர் வீதிகளிற் குவிந்தது. மணிமுத்தாற்றில் இட்ட பொன் கமலாலயத்தில் எடுக்கப்பட்டது. ஊடல் தீர்க்க இறைவன் நள்ளிரவில் இருமுறை தூது நடந்தான். ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஆலாலசுந்தரர் கருவிற் பிறந்து துய்த்தனர். இறைவனோ பிறவாமலே வேண்டும் உருக்கொண்டு வந்தனன். கருவாய்ப்படுதல் சிவபெருமானுக்கு இல்லை என்னும் கொள்கை, தோழனுக்காகத் தெருப்புழுதியில் நடந்த இடத்தும் பிழைபடவில்லை. இத்தூதைக் கேட்டு வெகுண்ட ஏயர்கோன் கலிக்காமரின் வரலாற்றையும் சேக்கிழார் மறையாது உடன்வைத்தனர். தடை எழுப்புவார்க்கும் அடியார் கூட்டத்தில் இடமுண்டென்பது இதனாற் போதரும்.

பரவையாரும் சங்கிலியாரும் சுவாமிகளின் நுகர்ச்சிக்குக் கருவியாய் வந்தவர் எனக் கருதலும் தவறாம். அவர்களும் மனம் வைத்தனர், பிறந்தனர், பிரிவாற்றாது வருந்தினர், முடிவில் கமலினியும் அநிந்திதையுமாய் மீண்டு உமையம்மை திருப்பணியில் நின்றனர். பரவையாரது சினம் அவருடைய உயிரின் உண்மை நுகர்ச்சியே.

இவ்வாழ்வின் கனி தேவாசிரிய மண்டபத்தில் விளைந்தது. கயிலையில் இறைவனையே அணுகியிருந்தார், ஆரூரில் அடியார்க்கு அடியாராக விழைந்தார். இறைவனே முதல் எடுத்துக்கொடுக்க 11 பாட்டால் திருத்தொண்டத்தொகை பாடினார். அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனாகக் கண்டு தொழுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரப்பொருள் அங்கே முன்னரே நிகழ்ச்சியாயிற்று. குயவரும் வண்ணாரும் வேடரும் வேந்தரும் ஒருங்கே வணங்கப்பெறும் அத்தொகை, மண்ணில் வந்து மக்களொடு பழகி மயங்கித் தெளிந்தார் ஒருவர்க்கே வாய்த்தது. வாசனை பிறவிக்கு வித்தாயிற்று. அவ்வித்தையே அருள் திருத்தொண்டிற்கு வித்தாக்கிற்று. ஆதலின் இப்பிறவி நாடகமுமன்று, வீழ்ச்சியுமன்று; அருள்வழி நின்ற உண்மை வாழ்வேயாம்.

திருச்சிற்றம்பலம்.