ஊசிமுனை அறியும் தளம்

ஹோமாகமையில், 2008ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் இருப்பதையும், போகலை, கஹட்டகஹ சுரங்கங்களால் பிரசித்தி பெற்ற நம் நாட்டுக் காரீயத்திலிருந்து கிராபீனைப் பிரிக்கும் முறையை அது வகுத்ததையும் பத்திரிகை வாசகர் அறிவர். ஆனால், அத்தகைய பொருள்களின் மேற்பரப்பை அளந்தறியும் கலையின் சௌந்தரியத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

1986இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகிய மூவர் உலகுக்கு அறிவித்த அணுவிசை நுணுக்குக்காட்டி, பெயரளவிலேதான் காட்டி. உண்மையில் அது ஸ்பரிசத்தால் அறியும் கருவி. மெல்லிய சிலிக்கன் நாக்கின் நுனியில், முனையின் ஆரை ஏறத்தாழ 10 நனோமீற்றரேயான ஊசி தளத்தைத் தடவிச் செல்ல, மேடுபள்ளங்களுக்கேற்ப நாக்கு வளைய, அதன் முதுகில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளி இடம் பெயர, அந்தப் பெயர்ச்சியிலிருந்து வரிவரியாகத் தளத்தின் உருவம் திரையில் எழும். ஒட்டுநாடாவால் மேலேட்டை உரித்தெடுத்த காரீயத்தில், ஓரேட்டின் உயரமாகிய 0.335 நனோமீற்றர் படிகளை அவ்வாறு கண்டவர்கள் பாக்கியசாலிகள்.

ஊசி தளத்தைப் பின்பற்றும் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, படத்தில் நடுக்கம் தோன்றிய கணத்தில் ஓரிழை குறைத்து நிறுத்தும் நிதானம், தம்பூராவைச் சுருதி சேர்க்கும் விரலுக்கே உரியது. அதனினும் நான் பெரிதாக மதிப்பது சந்தேகிக்கும் குணத்தை. மழுங்கிய ஊசி, மேடுகள் யாவற்றையும் ஒரே வடிவினவாகக் காட்டிவிடும். ஆகையால் தேர்ந்தவர் மாதிரியைத் தொண்ணூறு பாகை திருப்பி வைத்து மீண்டும் வரைவார். உருவமும் உடன் திரும்பினால் அது தளத்தின் சொரூபம். திரும்பாவிடின் ஊசியின் தோஷம்.

இந்தச் சூட்சுமம் வெறும் அழகுக்கானதன்று. கணினிச் சில்லுகளின் மின்காப்புப் படலம் 1.2 நனோமீற்றர் தடிப்புக்கு இறங்கிய காலத்தில், அது மேலும் 0.2 நனோமீற்றர் மெலிந்தாலே கசியும் மின்னோட்டம் ஏறக்குறையப் பத்து மடங்காகிவிடும் என்ற நிலை வந்தது. படலம் படியும் சிலிக்கனின் கரடுமுரட்டை அளக்காமல் அதனைச் செம்மைப்படுத்த வழியில்லை.

அளவறிக்கையில் அச்சாவது கரடுமுரட்டின் எண் மாத்திரமே. மாதிரியைத் திருப்பி வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டு, விடை பெற்ற பின்னரே அந்த எண்ணை நம்புங்கள்.