பேய்க்கும் தெரு உண்டு

என் அத்தைக்குப் பேய் பிடித்தபோது எனக்குப் பத்து வயசு. உடுக்கையை அடித்துக்கொண்டே கோடாங்கி கேட்ட முதல் கேள்வி: “எந்த ஊரு, எந்தத் தெரு, என்ன சாதி?” பேரைக்கூட அப்புறந்தான் கேட்டான். சேரிதான் என்று பேய் சொன்னதும் விளக்குமாறும் பழஞ்செருப்பும் வந்தன. செத்த பிறகும் அந்தச் செருப்படி விடவில்லை.

பின்னால் எம்.ஏ. வகுப்பில் கலிங்கத்துப்பரணி படித்தேன். கூழ் இடும் பகுதி வந்ததும் எங்கள் ஆசிரியர் ‘நகைச்சுவை’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் தள்ளினார். நான் தள்ளவில்லை. சயங்கொண்டாரின் போர்க்களத்தில் பேய்கள் பிணத்தைச் சமைத்துப் பந்தி வைக்கின்றன. பார்ப்பனப் பேய் வடமொழியில் பிச்சை கேட்கிறது. சமணப் பேய்க்கு மயிர் கிடக்காமல் துணியில் வடிகட்டிய கூழ். புத்தப் பேய்க்கு மூளைக் கஞ்சி. கேலிதான், சந்தேகமில்லை. ஆனால் சமணத்தையும் பௌத்தத்தையும் தோற்கடித்த பிறகு, பிணம் தின்ன வைத்துச் சிரிக்கிற கேலி. இடித்து அரைத்துக் கிண்டிய பேய்கள் என்ன சாதி? அதைப் புலவர் சொல்லவில்லை. வேலை செய்கிறவருக்குப் பேர் எதற்கு!

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. யாருடைய சாவு பேயாக எழுந்து வரும்?

வரகுண பாண்டியனின் குதிரை மிதித்து ஒரு பார்ப்பான் செத்தான் என்கிறது திருவிளையாடல் புராணம். அரசன் வேண்டுமென்று செய்ததில்லை. இருந்தும் பிரம்மகத்தி விடாமல் துரத்துகிறது. திருவிடைமருதூர்க் கோயிலின் கிழக்கு வாசலில் அது நின்றுகொள்ள, அவன் மேற்கு வாசல் வழியாகத் தப்பிக்கிறான். பிரம்மகத்திக்கு அங்கே இன்றும் சிலை இருக்கிறது. இராவணனைக் கொன்ற இராமனையும் இந்தத் தோஷம் விடவில்லை. அரக்கனானாலும் அவன் புலத்தியர் பேரனல்லவா! சம்பூகன் தலையை வெட்டியதற்கு எந்தக் கத்தியும் இராமனைத் துரத்தவில்லை. மனுவின் 11ஆம் அத்தியாயத்தில் பூனை, கீரி, தவளை, காக்கையைக் கொன்றதற்கும் சூத்திரனைக் கொன்றதற்கும் ஒரே பரிகாரந்தான். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மதுரைவீரனைப் பாருங்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். (அரண்மனையில் பிறந்தவன், சக்கிலியர் வளர்த்தவர்கள் மட்டுந்தான் என்று கதையில் ஓர் ஒட்டு இருக்கிறது; ஒட்டியது யாரென்று நம்ம ஆட்களுக்குத் தெரியும்.) அவனைக் கொன்ற பாவம் தானாக எழுந்து அரசனைத் துரத்தவில்லை. செத்தவனே திரும்பி வந்து ஊரைக் கலக்கித் தன் படையலைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வாங்கிய இடமும் மீனாட்சி கோயிலுக்குள்ளே இல்லை, வாசலுக்கு வெளியேதான்.

பேய் பிடிப்பது ஏன் நம் பெண்களை மட்டும் என்று பாமா ‘சங்கதி’யில் (1994) கேட்கிறார். காட்டிலும் வீட்டிலும் ஓயாத வேலை, புருஷன் அடி என்று காரணத்தையும் அவரே தேடிப் போகிறார். எனக்கு அது பாதிதான். அங்கே அவர் சொல்லும் இசக்கி, வண்ணானோடு போனதற்காக அண்ணன்மார் கொன்ற கர்ப்பிணி. அந்தக் கொலைக்கு வழக்கு உண்டா, சாட்சி உண்டா? செத்தவளே இன்னொருத்தி வாயில் வந்து சொன்னால்தான் உண்டு. ‘மூடநம்பிக்கை’ என்று நம் தோழர்கள் ஒதுக்குகிறார்கள். நானும் கூட்டங்களில் அப்படிப் பேசியவன்தான். பேய் இல்லை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அது பேசிய பேச்சு பொய்யென்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்றைக்கு அத்தை வாயிலிருந்து வந்தது, எங்கள் தெருவில் எனக்கு முன்னால் செத்துப்போன ஒரு பெண்ணின் பேர். “நானா விழல, தள்ளுனாங்க” என்றது. யார் கிணறு என்றும் சொன்னது. கோடாங்கி சட்டென்று உடுக்கையை நிறுத்திவிட்டான். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்து அறுத்து, புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனான்.