பள்ளி திறக்குமுன் பைக்காரா

கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் சிறுவர்களைக் கூட்டிப்போக ஏற்ற இடம் பைக்காரா. ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். முக்குருத்திச் சிகரத்தின் பக்கத்து மலையில் பிறக்கும் பைக்காரா ஆறு இங்கே ஏரியாகத் தேங்குகிறது, பாறைகளில் அருவியாக இறங்குகிறது; அதன் நீரைக்கொண்டே 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களுக்கு இந்த ஆறு புனிதமானது. புவியியல், அறிவியல், வரலாறு என்று பாடப்புத்தகம் பிரித்துச் சொல்வதை இந்த ஒரே ஆறு சேர்த்துக் காட்டுகிறது.

பையன்களுக்கு ஏரியில் வேகப்படகு போதும், மற்றதெல்லாம் பெரியவர்களின் ஆசை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் படகின் குதூகலம்தான் தண்ணீர்மேல் ஆர்வத்தையே கிளப்புகிறது. கேள்விகள் அதன் பிறகு வரும். பருவமழைக்கு முன் அருவி மெலிந்திருக்கும் என்பதும் மெய்யே. ஆனால் பாறையின் அடுக்குகள் தெளிவாகத் தெரிவது அப்போதுதான். பாறை வழுக்கும்; பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.